பழைய பத்மினிக்குப் புது ரேடியோ செட்: லைட்டர் வயரிலிருந்து கரன்ட் எடுக்கலாமா?

பத்மினி87 | 3 ஜூன் 2023, இரவு 9.40

1987 பிரீமியர் பத்மினி, பெட்ரோல், அல்சூரில் நிற்கிறது. டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்டாச்சு. இக்னிஷன் இன்னும் பாயின்ட்தான் (காயில் கரன்ட்டைத் திறந்து மூடும் காண்டாக்ட்). புளூடூத் உள்ள சிங்கிள் டின் (கார் செட்டின் ஒற்றை உயர அளவு) செட் ஒன்று, முன்னால் 4 இஞ்ச் ஸ்பீக்கர் ஜோடி, பின்னால் 6×9 இஞ்ச் ஜோடி போடணும். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் "சிகரெட் லைட்டர் வயர்ல தட்டிக்கலாம், அரை மணி வேலை" என்றார்கள். பக்கத்துக் கடையில் "பழைய வண்டின்னா இரைச்சல் இருக்கத்தான் செய்யும், வால்யூமை ஏத்திக்கோங்க" என்றார்கள். இரண்டையும் நம்பலாமா?

திருப்புளி | 3 ஜூன், இரவு 10.55

இரண்டையும் நம்ப வேண்டாம்.

செட் வாங்கும் முன் பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்க. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.4க்கு மேல் காட்டணும், நிறைந்த பேட்டரி என்றால் 12.6. இஞ்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. 13க்குக் கீழே நின்றால் செட்டுக்கு வைத்திருக்கும் காசை ஆல்டர்னேட்டருக்குச் செலவழியுங்க. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது, அதோடு புது செட்டை மாட்டினால் செட்டும் போகும்.

லைட்டர் வயரை ஏன் தொடக் கூடாது? அது 36 வருட வயர். நடுவில் எத்தனை முறுக்கு ஜாயின்ட் என்று யாருக்கும் தெரியாது. பீங்கான் உடல் ஃப்யூஸைப் பிடித்திருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்து களிம்பேறியிருக்கும். செட் 10 ஆம்பியர் இழுக்கும்போது ஃப்யூஸ் கம்பி உருகாது, கவ்விதான் சூடாகும்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராகத் தனி வயர் போடுங்க. ஆட்டோ கேபிள் 28/0.3 கேட்டு வாங்குங்க: 0.3 மி.மீ. தடிமனில் 28 இழை, சுமார் 2 சதுர மி.மீ. செம்பு. வீட்டு வயரிங் மிச்சம் இருக்கிறதே என்று அதைப் போட வேண்டாம், பானட் சூட்டுக்கும் ஆயிலுக்கும் அதன் பிவிசி தாங்காது. பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ், மூடி போட்ட ஹோல்டரில். ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் துண்டு வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால்தான் அந்தத் துண்டு குட்டையாக இருக்கணும். ஃபயர்வாலை, அதாவது இஞ்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகட்டை, தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். வெறும் தகட்டு ஓட்டையில் விட்டால் அதிர்விலேயே உறை அறுந்துவிடும்.

செட்டின் நிறங்கள்: மஞ்சள் எப்போதும் 12 வோல்ட். சிவப்பு, சாவி போட்டால் 12 வோல்ட். கறுப்பு எர்த், அதாவது பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்கு. நீலம் பவர் ஆன்டெனாவுக்கு, வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஆம்ப்ளிஃபயருக்கு. ஆரஞ்சு டேஷ் லைட்டுக்கு. ஸ்பீக்கரில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். நீல வயர்கள் இரண்டும் செட்டிலிருந்து கரன்ட் வெளியே வரும் வயர்கள். அவற்றில் 12 வோல்ட் கொடுத்தால் உள்ளே ஏதாவது ஒன்று கருகும்.

செட்டோடு வரும் ஹார்னஸை (பிளக் வைத்த வயர்க் கட்டு) வெட்ட வேண்டாம். எஸ்.பி. ரோட்டில் ஐஎஸ்ஓ பெண் சாக்கெட் வயரோடு கிடைக்கும், அதை வண்டிப் பக்கம் நிரந்தரமாகப் போட்டுவிட்டால் நாளைக்கு செட் மாற்றுவது பிளக்கைக் கழற்றி மாட்டும் வேலை மட்டும்தான்.

அம்பி_டீசல் | 4 ஜூன், காலை 7.15

அண்ணா இவ்ளோ எதுக்கு? மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி பேட்டரிக்குக் குடுத்தா பாட்டு வருது. செட் பட்டன்லயே ஆஃப் பண்ணிக்கிட்டா முடிஞ்சுது. அம்பாசடர் டீசல்ல இக்னிஷனும் இல்ல, இரைச்சலும் இல்ல. இஞ்ஜின் சத்தத்துல பாட்டே கேக்காதுங்கறது வேற விஷயம்.

திருப்புளி | 4 ஜூன், காலை 8.02

பாட்டு வரும், ஆனால் கணக்கைப் பாருங்க. மஞ்சளில் நினைவுக்கு மட்டும் ஓடுவது சில மில்லி ஆம்பியர். 10 என்றே வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 0.24 ஆம்பியர் அவர், மாதத்துக்கு 7 சொச்சம். இரண்டையும் சேர்த்து பட்டனில் அணைத்தால் பல செட் தூங்கவே தூங்காது, புளூடூத் விழித்தே இருக்கும். 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 2.4, ஒரு வாரத்தில் 17. பேட்டரி 35 ஆம்பியர் அவர்தான் என்றால் பாதி போச்சு. தினமும் ஓடுகிற வண்டியில் தெரியாது. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து செல்ஃப் அடித்தால் தெரியும்.

அளக்கணும் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் வைத்துப் பாருங்க. அந்த நேரத்தில் செல்ஃப் அடிக்காதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போய்விடும்.

பத்து_ஆம்ப் | 4 ஜூன், மதியம் 1.20

சிவப்பை எங்கே கொடுப்பது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அதுதான் இந்த வண்டியில் சிக்கலான இடம்.

பழைய வண்டிச் சாவியில் ரேடியோவுக்கென்று தனி நிலை இல்லாமல் இருக்கும். இக்னிஷன் வயரிலேயே சிவப்பைக் கோர்த்தால், இஞ்ஜின் நின்றிருக்கும்போது பாட்டுக் கேட்க சாவியை இக்னிஷனில் வைக்கணும். பாயின்ட் மூடிய நிலையில் இஞ்ஜின் நின்றிருந்தால் இக்னிஷன் காயிலில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தருவது) விடாமல் கரன்ட் ஓடும். 3 ஓம் காயில், 12 வோல்ட், 4 ஆம்பியர். காயில் கொதிக்கும், பாயின்ட் கருகும். அரை மணி நேரம் பாட்டுக் கேட்டதற்கு ஒரு காயில் விலை.

வழி சுலபம். பேட்டரியிலிருந்து வரும் அந்த 28/0.3 வயர் டேஷ்போர்டுக்குள் வந்ததும் இரண்டாகப் பிரியட்டும். ஒரு கிளை நேராக மஞ்சளுக்கு. இன்னொரு கிளை 3 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு டாகிள் சுவிட்ச் வழியாகச் சிவப்புக்கு. மறந்துவிடுவோம் என்று பயந்தால் லைட் எரியும் சுவிட்சாக வாங்குங்க. ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடச் சொல்வார்கள். செட் மட்டும் என்றால் வேண்டியதில்லை, பெரும்பாலான செட்டில் பெரிய கரன்ட் மஞ்சளில்தான் ஓடும், சிவப்பு கிட்டத்தட்ட ஒரு சமிக்ஞை மட்டும்.

"பெரும்பாலான" என்று சொன்னதைக் கவனியுங்க. சில மலிவு செட்டில் தலைகீழ்: சிவப்பில் முழு கரன்ட், மஞ்சள் நினைவுக்கு மட்டும். தொழிற்சாலை ஃப்யூஸ் எந்த வயரில் தொங்குகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு, வால்யூமை ஏற்றி சிவப்பில் மீட்டரைத் தொடராக வையுங்க. அரை ஆம்பியருக்கு மேல் என்றால் சிவப்புக்குச் சுவிட்ச் வழியே நேராகக் கொடுக்காமல் நடுவில் ரிலே, அதன் முனை எண்படி: 30ல் பேட்டரி, 87ல் சிவப்பு, 86ல் சுவிட்ச், 85ல் எர்த். 85, 86 குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, வெள்ளிக் கோடு 86 பக்கம்.

பத்மினி87 | 4 ஜூன், இரவு 10.10

செட் அட்டையில் 4×50 வாட் என்று இருக்கிறது. 15 ஆம்பியர் ஃப்யூஸ் போதுமா?

பத்து_ஆம்ப் | 4 ஜூன், இரவு 10.31

செட்டின் முதுகில் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்க. 10 ஆம்பியர் என்றால் 14.4 வோல்ட்டில் உள்ளே போவதே 144 வாட். வெளியே 200 எங்கிருந்து வரும்? தொடர்ச்சியாக ஒரு ஸ்பீக்கருக்கு 17 முதல் 22 வாட் வந்தால் அது நல்ல செட். அட்டை என்ன வேண்டுமானாலும் சொல்லும், ஃப்யூஸ் பொய் சொல்லாது. 15 போதும்.

பத்மினி87 | 10 ஜூன், மாலை 6.45

வயர் இழுத்தாச்சு. வண்டியில் ஏற்கெனவே டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பழைய ஸ்பீக்கர் இருந்தது. அதற்கு ஒரே ஒரு வயர்தான் வருகிறது, இன்னொரு முனை ஸ்க்ரூ போட்டு பாடியில் முடுக்கியிருக்கிறது. முன் ஸ்பீக்கருக்கு இதே பாணியில் ஒரு வயரை மிச்சம் பிடிக்கலாமா?

திருப்புளி | 10 ஜூன், மாலை 6.52

கூடவே கூடாது. செட்டை இன்னும் ஆன் செய்யவில்லை என்று நம்புகிறேன்.

அந்தக் காலத்து ரேடியோவில் ஸ்பீக்கரின் ஒரு முனை பாடிதான், அது அதற்குச் சரி. இப்போதைய செட்டில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு பக்கமும் ஆம்ப் தள்ளும். பாட்டே இல்லாதபோதும் இரண்டு வயரிலும் பேட்டரியில் பாதி, சுமார் 6 வோல்ட் நிற்கும். இரண்டிலும் சமமாக இருப்பதால் ஸ்பீக்கருக்குத் தெரியாது. ஒன்றைப் பாடியில் தொட்டால் நேர் கரன்ட் பாயும். நல்ல செட் என்றால் ப்ரொடெக்ட் என்று காட்டி வாயை மூடிக்கொள்ளும். மலிவு செட் என்றால் ஐசி (ஆம்ப் சிப்) போகும், சில சமயம் ஸ்பீக்கர் காயிலையும் சேர்த்துக்கொண்டு போகும். இதே காரணத்துக்காக இடது, வலது நெகட்டிவ் வயர்களையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

ஆக, ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரண்டு வயர். 24/0.2 போதும், தடியாக வேண்டாம். செட்டில் சொருகும் முன் மீட்டரை ஓமில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் பாடியோடு தொட்டுப் பாருங்க. எந்த அளவும் காட்டக் கூடாது. ஒரே ஸ்பீக்கரின் இரண்டு வயருக்கு நடுவே 3.2 முதல் 3.8 வரை காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர், சரி. 2க்குக் கீழே என்றால் எங்கோ நசுங்கியிருக்கிறது. பெரும்பாலும் கதவுக் கீல் பக்கம், அல்லது பின் சீட் இரும்புக்கு அடியில்.

திருப்புளி | 10 ஜூன், இரவு 9.30

ஸ்பீக்கர் பற்றியே இன்னும் கொஞ்சம். பிளஸ் மைனஸ் குறி அழிந்திருந்தால் 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொடுங்க. கூம்பு வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். நான்கில் ஒன்று மாறியிருந்தாலும் சத்தம் வரும், ஆனால் தவில் அடி காணாமல் போகும். "ஸ்பீக்கர் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

கதவில் வெட்டும் முன் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கி, உள்ளே எத்தனை மி.மீ. மிச்சம் என்று அளங்க. 4 இஞ்ச் ஸ்பீக்கரின் ஆழம் 45, 50 மி.மீ. வரும். கதவு அட்டை வெறும் அட்டை, அதில் நேராக ஸ்க்ரூ போட்டால் மழைக்கு ஊறித் தொங்கும். 12 மி.மீ. ப்ளைவுட்டில் வளையம் வெட்டித் தகட்டோடு பிடித்து, அதன் மேல் ஸ்பீக்கர். 6×9க்கும் அதே ப்ளைவுட் பலகைதான். பின்னால் ஓட்டை போடும் முன் டிக்கிக்குள் தலையை விட்டுப் பெட்ரோல் டேங்க், ஃபில்லர் பைப் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்க. ட்ரில்லுக்குக் கண் இல்லை.

அம்பி_டீசல் | 10 ஜூன், இரவு 9.48

டேஷ்போர்டை வெட்டப் போறீங்களா இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல.

பத்மினி87 | 10 ஜூன், இரவு 10.05

வெட்ட மனசில்லை.

திருப்புளி | 10 ஜூன், இரவு 10.20

வெட்ட வேண்டாம். இரண்டு குமிழ் ரேடியோவுக்கான இடத்தில் சிங்கிள் டின் நுழையாது, அதற்கு 182 × 53 மி.மீ. செவ்வக வாய் வேணும், பின்னால் வயரோடு சேர்த்து 18 செ.மீ. ஆழம் வேணும். டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பிராக்கெட் வாங்கி இரண்டு ஸ்க்ரூவில் பிடியுங்க. செட்டின் முதுகில் இருக்கும் போல்ட்டை ஒரு துளைப் பட்டையால் தகட்டோடு சேர்த்துக் கட்டுங்க. முன் பக்கம் மட்டும் பிடித்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் செட் தலையாட்டும், பிளக் தளரும். பெங்களூரு ரோட்டில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை.

பத்மினி87 | 17 ஜூன், இரவு 8.30

செட் பாடுகிறது. ஆனால் இஞ்ஜின் ஓடும்போது "கீ..." என்று ஒரு கூவல், ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்குகிறது. எஃப்.எம்.மில் கூடவே டிக்டிக் என்று வெடிக்கிறது. ஹெட்லைட் போட்டால் கூவல் கூடுகிறது. இரண்டாவது கடைக்காரர் சொன்னதுதான் உண்மையோ?

பத்து_ஆம்ப் | 17 ஜூன், இரவு 9.00

உண்மையில்லை. அவை இரண்டு வேறு நோய், வேறு மருந்து.

ஆன்டெனா பிளக்கை உருவுங்க. நின்றுபோகும் சத்தம் ஆன்டெனா வழியே வருகிறது. நிற்காதது பவர், எர்த் வழியே வருகிறது. உங்க விஷயத்தில் டிக்டிக் நிற்கும், கூவல் நிற்காது என்று நினைக்கிறேன். பார்த்துச் சொல்லுங்க.

கறுப்பு வயரை எங்கே முடுக்கியிருக்கீங்க?

பத்மினி87 | 17 ஜூன், இரவு 9.40

அப்படியேதான். டிக்டிக் நின்றது, கூவல் இருக்கிறது. கறுப்பு வயரை செட் தொங்கும் பிராக்கெட்டின் ஸ்க்ரூவிலேயே பிடித்திருக்கிறது.

பத்து_ஆம்ப் | 17 ஜூன், இரவு 10.15

நினைத்தேன். இரண்டு அளவு எடுங்க. இஞ்ஜின் ஓடணும், செட் சத்தமாகப் பாடணும், ஹெட்லைட் எரியணும். முதலில் செட்டுக்குப் பின்னால் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே எத்தனை வோல்ட். பிறகு, செட்டின் கறுப்புக்கும் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலைக்கும் நடுவே எத்தனை வோல்ட். கிளாம்ப்பைத் தொடாதீங்க, ஈயத்தையே தொடுங்க. இரண்டாவது அளவு 0.1க்குள் இருக்கணும். 0.2 வரை பொறுக்கலாம்.

பத்மினி87 | 18 ஜூன், காலை 11.20

பேட்டரியில் 13.9. செட்டில் 12.5. கறுப்பு முதல் ஈயத் தலை வரை 1.2.

பத்து_ஆம்ப் | 18 ஜூன், காலை 11.35

போன வோல்ட் 1.4, அதில் 1.2 எர்த்திலேயே போகிறது. நீங்க இழுத்த பாசிட்டிவ் வயர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, 0.2தான் விடுகிறது. பெயின்ட் மேல் ஸ்க்ரூ, துரு மேல் தகடு. அந்த 1.2 வோல்ட் அசையாமல் நிற்கவும் செய்யாது. ஹெட்லைட்டும் ஹீட்டரும் திரும்பி வரும் அதே வழியில் ஆல்டர்னேட்டரின் அலையும் வருகிறது, செட் அதைப் பாட்டாக எடுத்துக்கொள்கிறது.

ஃபில்டர் வாங்க ஓட வேண்டாம். ஃபயர்வால் தகட்டில் ஒரு இடத்தைப் பளபளவென்று வெள்ளி தெரியும்வரை சுரண்டுங்க. 6 மி.மீ. போல்ட், பல் வைத்த ஸ்டார் வாஷர், வளைய முனை கிரிம்ப் செய்த 28/0.3 வயர். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் அல்லது பெயின்ட் பூசுங்க, முடுக்கும் முன் பூசக் கூடாது. அடுத்து இஞ்ஜின் எர்த் பட்டை. இஞ்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பரில். பட்டை துருப்பிடித்தால் செல்ஃப் கரன்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்ததும் சோக் குமிழ் சுடுகிறது என்றால் அதற்கு இதுதான் காரணம். பின்னிய செம்புப் பட்டை புதிதாகப் போடுங்க.

செட்டுக்கு எர்த்தே இல்லாமல் போனாலும் பாடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். கரன்ட் ஆன்டெனா கேபிளின் உறை வழியே திரும்பும். ஆன்டெனா வயர் வெதுவெதுப்பாக இருந்தால் கறுப்பைத் தேடுங்க.

மீடியம்வேவ் | 18 ஜூன், மதியம் 2.10

எர்த்தைச் சரிசெய்த பிறகும் கூவல் இருந்தால் ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகிக்கலாம். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து பேட்டரியில் பார்ப்பார்கள், அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் டயோடு போயிருக்கிறது என்பது வழக்கமான கணக்கு. மலிவு மீட்டர் இங்கே ஏமாற்றும்: வெறும் பேட்டரியில், இஞ்ஜின் ஓடாமலே, ஏ.சி. நிலையில் 20க்கு மேல் காட்டும் மீட்டர்கள் உண்டு. ஒரு முனையில் 1 மைக்ரோஃபாரட் கன்டன்சரைத் தொடராகக் கோர்த்துப் பார்த்தால் உண்மையான அலை மட்டும் தெரியும்.

டிக்டிக்குக்கு வருவோம். அது ஸ்பார்க்கின் ரேடியோ அலை. ரெசிஸ்டர் பிளக் (உள்ளே மின்தடை வைத்த ஸ்பார்க் பிளக்) போடுங்கள், குறியீட்டில் ஆர் எழுத்து இருக்கும். பாஷ் வரிசையில் டபிள்யூ7டிசிக்கு டபிள்யூஆர்7டிசி, என்ஜிகே வரிசையில் பிபி6ஈஎஸ்ஸுக்கு பிபிஆர்6ஈஎஸ், இப்படி. வெப்ப எண் உங்கள் இஞ்ஜினுக்கு உரியதாகவே இருக்க வேண்டும். இந்த ஊரில் பழைய மெக்கானிக்குகளிடம் பாஷ் என்றால் விழிப்பார்கள், மைக்கோ என்று கேளுங்கள். 1951இல் தொடங்கிய அந்த ஆடுகோடி நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாறினாலும் லேஅவுட்டும் பஸ் ஸ்டாப்பும் மைக்கோதான்.

ஹெச்.டி. லீட் (ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் உயர் வோல்ட் வயர்) செம்புக் கம்பியாக இருந்தால் கார்பன் லீடாக மாற்றலாம். ஆனால் ரெசிஸ்டர் பிளக், ரெசிஸ்டர் மூடி, கார்பன் லீட் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் ஸ்பார்க் மெலியும், குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

திருப்புளி | 18 ஜூன், மதியம் 3.00

மேலே உள்ளதோடு ஒன்று. காயிலுக்கு சப்ரஷன் கன்டன்சர் (இரைச்சலை அடக்கும் கன்டன்சர்) போட்டால் சாவியிலிருந்து வரும் பிளஸ் முனையில் மட்டும், 1 அல்லது 2.2 மைக்ரோஃபாரட். பாயின்ட்டுக்குப் போகும் மைனஸ் முனையில் போடவே கூடாது. அங்கே டிஸ்ட்ரிப்யூட்டரின் சொந்தக் கன்டன்சர், சுமார் 0.2 மைக்ரோஃபாரட், இருக்கிறது. அதற்கு இணையாக ஐந்து மடங்கு சேர்த்தால் ஸ்பார்க்கும் போச்சு, பாயின்ட்டும் குழிந்துபோகும். டைனமோ வண்டிக்காரர்கள் டைனமோவின் பெரிய முனையில், டி என்று இருக்கும், 1 மைக்ரோஃபாரட் வைக்கலாம். எஃப் முனையில் வைத்தால் ரெகுலேட்டர் காண்டாக்ட் கருகும்.

டைனமோ என்றதும் இன்னொன்று: ஐடிலில் டைனமோ சார்ஜே செய்யாது. சில்க் போர்டு சிக்னலில் ஹெட்லைட், வைப்பர், பாட்டு மூன்றும் பேட்டரியிலிருந்துதான். லூகாஸ் சி40 முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். அந்த வண்டிகளில் தனி ஆம்ப்ளிஃபயர் ஆசை வேண்டாம்.

மீடியம்வேவ் | 18 ஜூன், இரவு 9.15

ஆன்டெனா பற்றி யாரும் பேசவில்லை. 98 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் 76 செ.மீ. எஃப்.எம்.முக்கு அவ்வளவு போதும், மீடியம் வேவுக்கு முழுவதும் இழுத்துவிடுங்கள். அடிப்பாகம் மட்கார்டு தகட்டைச் சுரண்டிப் பிடித்திருக்க வேண்டும். மீட்டர் சோதனை: பிளக்கின் நுனிக்கும் கம்பிக்கும் இணைப்பு இருக்க வேண்டும், நுனிக்கும் உறைக்கும் இருக்கவே கூடாது, உறைக்கும் பாடிக்கும் 1 ஓமுக்குள். கேபிள் அறுந்தால் டிவி கேபிளை ஒட்டுப்போடாதீர்கள். எஃப்.எம். வரும், மீடியம் வேவ் செத்துவிடும். அந்தக் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் ஆன்டெனா பிடித்ததை எல்லாம் விழுங்கிவிடும்.

அம்பி_டீசல் | 18 ஜூன், இரவு 9.22

இந்தக் காலத்துல மீடியம் வேவ் யார் சார் கேக்கறாங்க?

மீடியம்வேவ் | 18 ஜூன், இரவு 9.50

கேட்பவர்கள் இருக்கிறோம். செட் வாங்கும்போது ஏ.எம். இருக்கிறதா என்று பாருங்கள், மலிவு புளூடூத் செட்டில் அது இருக்காது. இருந்தால் ஏ.எம். அலைவரிசையின் கீழ் முனை 531 என்று தொடங்குகிறதா, 530 என்றா பாருங்கள். 531 என்றால் 9 கிலோஹெர்ட்ஸ் படி, நம் ஊருக்குரியது. 530 என்றால் அமெரிக்கப் படி, பத்துப் பத்தாகத் தாவும். சென்னையின் 720 இரண்டிலும் அகப்படும். பெங்களூருவின் 612 அகப்படாது, 610இல் நின்று கரகரக்கும். எஃப்.எம்.மிலும் அமெரிக்கப் படி 0.2 மெகாஹெர்ட்ஸ்: 91.1, 101.3, 102.9 வரும், 104.0 வராது. பல செட்டில் மெனுவில் ஏரியா மாற்றும் வழி உண்டு.

ஞாயிறு சந்தையில் ஜப்பான் செட் மலிவாகக் கிடைக்கும். ஜப்பானிய எஃப்.எம். 76இல் தொடங்கி பழைய செட்டில் 90இல் முடிந்துவிடும். நம் நிலையங்கள் அதற்கு மேலே இருக்கின்றன. ஏரியா மாற்றமும் அதில் இருக்காது. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

மார்க்ஒன் | 21 ஜூன், மாலை 5.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அம்பாசடரில் பேட்டரி பாசிட்டிவ் பாடிக்குப் போகிறது. இதில் இப்போதைய செட் போடலாமா?

பத்து_ஆம்ப் | 21 ஜூன், இரவு 8.45

அப்படியே போட்டால் செட்டின் உடல் நெகட்டிவ், வண்டியின் உடல் பாசிட்டிவ். ஆன்டெனா அடிப்பாகம் தொட்டாலே ஷார்ட். இரண்டு வழி. ஒன்று, உள்ளும் வெளியும் முற்றிலும் பிரிந்த ஐசோலேட்டட் டி.சி. மாற்றி. சாதா மாற்றி ஆகாது, அதில் எர்த் பொதுவாக இருக்கும்.

இரண்டாவது, வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது. பேட்டரியைத் திருப்புங்க. பாசிட்டிவ் தலை தடிமன், நெகட்டிவ் தலை ஒல்லி, அதனால் கிளாம்ப்பும் மாறணும். ஆம்மீட்டர் வயர் இரண்டையும், காயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்க. பிறகு டைனமோவில் எஃப் முனை வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயரை அந்த எஃப் முனையில் இரண்டு மூன்று முறை சும்மா தொட்டு எடுங்க, பொறி வரும். டைனமோவின் காந்தம் திரும்பிவிட்டது. இதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்தால் கட்அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் ரிலே) காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். பழைய வால்வு ரேடியோ உள்ளே இருந்தால் முதலில் அதைத் துண்டியுங்க.

பத்மினி87 | 25 ஜூன், இரவு 7.50

ஃபயர்வாலைச் சுரண்டி எர்த் போட்டேன், இஞ்ஜின் பட்டையும் மாற்றினேன். கறுப்பு முதல் ஈயத் தலை வரை இப்போது 0.06. கூவல் சுத்தமாக இல்லை. ரெசிஸ்டர் பிளக் போட்டதும் டிக்டிக்கும் போச்சு. மொபைல் சார்ஜர் சொருகினால் மட்டும் எஃப்.எம்.மில் உஸ்ஸென்று வருகிறது.

மீடியம்வேவ் | 25 ஜூன், இரவு 8.20

அது சார்ஜரின் சுவிட்சிங் சத்தம், வண்டியின் குற்றமில்லை. உருவினால் நிற்கிறதல்லவா? வேறு சார்ஜர் வாங்குங்கள், வயரை ஆன்டெனா கேபிளிலிருந்து விலக்கி வையுங்கள். எல்.இ.டி. ஹெட்லைட் பல்பு போட்டவர்களுக்கும் இதே சத்தம்தான் வரும், லைட்டை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பத்மினி87 | 25 ஜூன், இரவு 8.41

கடைசியாக ஒன்று. நாளை சர்வீஸுக்கு விடுகிறேன். மெக்கானிக் எப்போதும் இஞ்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி சார்ஜ் ஆகிறதா என்று பார்ப்பார். செட்டுக்கு ஏதாவது ஆகுமா?

பத்து_ஆம்ப் | 25 ஜூன், இரவு 8.44

ஆகும். அது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் ஓட்டத்தில் பேட்டரியை எடுத்தால் வோல்ட் சட்டென்று பல மடங்கு துள்ளும், டயோடும் செட்டும் சேர்ந்தே போகும். மீட்டரில் 14 காட்டினால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம், அதைக் காட்டுங்க. கேட்காத ஆள் என்றால் வண்டியை விடும் முன் பேட்டரி பக்கத்து 15 ஆம்பியர் ஃப்யூஸை உருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்க.